ஆளைக் கொணர்க; காரணம் கூறுக

மணிவாசகப் பெருமான் திருவெம்பாவையை அருளிய தலம் திருவண்ணாமலை என்பது மரபு. மார்கழி வைகறையில் இந்நகரத் தெருக்களில் அப்பாடல்களைக் கேட்டு வளர்ந்தோர் பலர். அவற்றைப் பாடியவர் ஒரு காலத்தில் சிறையிருந்தவர் என்பதை நினைந்து பார்ப்போர் சிலரே. குதிரை வாங்கத் தந்த அரசுப் பொருளைக் கோயிற் பணியில் செலவிட்டார் என்று பாண்டியன் தன் அமைச்சரைச் சிறையிலிட்டான். நரிகள் பரிகளாகி வந்தன. சிறை நீங்கிற்று என்று புராணம் கூறும். அங்கே சிறைக்கதவைத் திறந்தது இறைவனின் திருவிளையாடல். திருவிளையாடல் நிகழாத நாட்களில், நிகழாத மனிதர்களுக்கு, அக்கதவைத் திறப்பது எது? இவ்வினாவுக்கு உலகம் பல நூற்றாண்டுகள் தேடிக் கண்ட விடைகளுள் ஒன்றுதான் ஆட்கொணர்வு நீதிப்பேராணை. அதன் வரலாறு வழக்கறிஞர்களுக்கு மட்டும் உரியதன்று. சொல்லையும் பொருளையும் தொழிலாகக் கொண்ட புலவர்களுக்கும் அதில் பங்குண்டு என்பதை அவ்வரலாறே காட்டும்.

கார்த்திகை அழுத அழுகை

தவறான காவலைப் பற்றிய தமிழ் இலக்கியச் சான்றுகளுள் தலையாயது சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் உள்ளது. கோவலன் கொலையைக் கண்டோர் பலரும் அதே காப்பியத்தில் உள்ள வார்த்திகன் சிறையைக் காணாது போவது வியப்பே. மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் கதை அது. திருத்தங்கால் என்னும் ஊரில் வார்த்திகன் என்னும் அந்தணன் வாழ்ந்தான். அவன் மகனின் வேதப் புலமையை மெச்சிப் பராசரன் என்பான் அணிகலன்களை அளித்தான். திடீரென வந்த செல்வத்தைப் பொறாத அரசுப் பணியாளர், அது அரசுக்கு உரிய புதையற் பொருள் என்று பழி சுமத்தி வார்த்திகனைச் சிறையிலிட்டனர். அவன் மனைவி கார்த்திகை நிலத்தில் விழுந்து புரண்டு அழுதாள். அவள் அழுகைக்கு மானிடர் செவி சாய்க்கவில்லை. ஐயை கோயிலின் கதவுதான் சாய்த்தது. அது திறவாது நின்றது. அதைக் கண்டு நடுங்கிய பாண்டியன் நடந்ததை வினவினான், உண்மையை அறிந்தான், பொறுத்தருள வேண்டினான். திருத்தங்காலையும் வயலூரையும் வார்த்திகனுக்கு அளித்தான். கோயிற்கதவு திறந்தது. சிறைக் கோட்டங்களைத் திறந்துவிடுமாறும் மன்னன் ஆணையிட்டான்.

இக்கதையில் ஆட்கொணர்வு வழக்கின் உறுப்புகள் யாவும் உள்ளன. சிறையிலிருப்பவன் வெளியே வந்து முறையிட இயலாதவன். அவனுக்காக மற்றொருவர் முறையிடுகிறார். முறையீடு கீழ்ப்பணியாளரைத் தாண்டி மேலே செல்கிறது. காவலில் வைத்தவர் காரணம் காட்டவேண்டி வருகிறது. காரணம் பொய்த்ததும் காவல் நீங்குகிறது. குறை ஒன்றே. கார்த்திகைக்கு உரிமை என்று ஒன்றும் இருந்ததில்லை. அவளுக்கு இருந்தது கண்ணீர். மன்னனுக்கு இருந்தது அறவுணர்வு. இரண்டையும் இணைக்கத் தெய்வம் இடைப்பட வேண்டியிருந்தது. மணிமேகலையின் ஒரு காதை சிறைக்கோட்டம் அறக்கோட்டமானதைப் பேசும். அதுவும் மன்னன் மனமிரங்கித் தந்த அருளே. அருளாக இருந்ததை உரிமையாக மாற்றியதே பின்னாளைய நீதிப்பேராணையின் வேலை.

கடல் கடந்து வந்த ஆணை

இங்கிலாந்தில் 1215இல் மன்னன் ஜானிடம் பெற்ற மகாசாசனத்தின் 39ஆம் பிரிவு, நாட்டின் சட்டப்படியன்றி எந்தச் சுதந்திர மனிதனையும் சிறைப்படுத்தலாகாது என்றது. 1679இல் இயற்றப்பட்ட ஹேபியஸ் கார்ப்பஸ் சட்டம் அவ்வுறுதிமொழிக்குக் கையும் காலும் தந்தது. இலத்தீன் தொடரின் பொருள், உடலை உன் வசம் கொண்டு வருக என்பதாகும். சிறைக் காவலனை நோக்கி நீதிபதி இடும் கட்டளை அது. கைதி குற்றவாளியா அல்லனா என்று அக்கட்டளை கேட்பதில்லை. எந்த அதிகாரத்தால் இவனை அடைத்து வைத்திருக்கிறாய் என்று மட்டுமே கேட்கும். விடை சட்டத்தில் இல்லையெனில் அவன் குற்றவாளியே ஆயினும் கதவு திறக்க வேண்டும்.

தமிழில் இதற்கு வாய்த்த ஆட்கொணர்வு என்னும் சொல் அழகியது. சைவத் திருமுறைகளில் ஆட்கொள்ளுதல் என்பது இறைவன் ஓர் உயிரைத் தனக்குரியதாக ஏற்றல். ஆட்கொணர்தலோ, அரசு தனக்குரியதெனப் பற்றிய ஆளை நீதியின் முன் மீட்டுக் கொணர்தல். ஒரே சொல்லின் இரு கிளைகள் எதிரெதிர்த் திசையில் வளர்ந்திருக்கின்றன.

சென்னையில் 1801இல் தொடங்கிய மன்னர் நீதிமன்றத்தோடு இவ்வாணையும் வந்து சேர்ந்தது. எனினும் அதன் நிழல் நெடுங்காலம் மாநகரைத் தாண்டி வெளியே வீழவில்லை. 1862இல் உயர் நீதிமன்றம் அமைந்தது. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 491ஆம் பிரிவு இவ்வதிகாரத்தை எழுத்தில் வடித்தது. ஆனால் மாகாணத் தலைநகரின் எல்லைக்குள் இருப்போருக்கே அது பயன்பட்டது. 1923ஆம் ஆண்டுத் திருத்தமே மாகாணம் முழுமைக்கும் அதை விரித்தது. ஆகவே, வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருவண்ணாமலையின் குடிமகன் ஒருவன் வேலூர்ச் சிறையில் முறையின்றி அடைபட்டால், அப்பிரிவின் துணையைத் தெளிவாக நாடுவதற்கு வழி பிறந்தது 1923இல்தான். மறுபுறம், விசாரணையின்றி ஒருவரை அரசியல் கைதியாக வைத்திருக்க வங்காளத்தில் 1818இலும் சென்னையில் 1819இலும் ஒழுங்குமுறைகள் செய்யப்பட்டிருந்தன. அடைக்கும் சட்டம் முந்திக்கொண்டது. திறக்கும் சட்டம் நூறாண்டு பிந்தி வந்தது.

வேலூர்ச் சிறை தமிழிலக்கிய வரலாற்றிலும் இடம் பெற்றதொன்று. 1921 இறுதியில் அங்குச் சென்ற இராஜாஜி அங்கிருந்தபடியே நாட்குறிப்பு எழுதினார். 1940இல் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ்ப் பிடிபட்ட காமராசர் அங்கே இருந்தபோதுதான் விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மக்கள் தேர்ந்தவரை மதில் தடுத்து வைத்திருந்தது.

ஒரு சொல்லின் விலை

அந்தப் பாதுகாப்பு விதிகளே கூட்டாட்சி நீதிமன்றத்தின் முன் ஒரு புகழ்பெற்ற வழக்காயின. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தால் உருவாகி, 1937 அக்டோபரில் தில்லியில் பணி தொடங்கியது அந்நீதிமன்றம். பம்பாயைச் சேர்ந்த கேசவ் தால்பதே என்னும் காவற்கைதியின் மேல்முறையீட்டை, தலைமை நீதிபதி மாரிஸ் குவையர், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற எஸ். வரதாச்சாரியார், ஜாஃபருல்லா கான் ஆகிய மூவர் கேட்டு 1943 ஏப்ரல் 22ஆம் நாள் தீர்ப்பளித்தனர்.

வழக்கின் உயிர்நிலை ஒரு சொற்றொடர். 1939ஆம் ஆண்டுச் சட்டம், தீங்கு செய்வாரென நியாயமாக ஐயுறப்படும் ஒருவரைக் காவலில் வைக்க விதி செய்யலாம் என்று அரசுக்கு அதிகாரம் தந்தது. அரசு செய்த 26ஆம் விதியோ, காவல் தேவையென அரசு மனநிறைவு கொண்டாலே போதும் என்றது. நியாயமான ஐயம் என்பதை வெளியார் அளந்து பார்க்கலாம். மனநிறைவு என்பதை அளக்க உலகில் கோல் இல்லை. சட்டம் தந்த சொல்லை விதி விழுங்கிவிட்டது, ஆகவே விதி செல்லாது என்று நீதிமன்றம் கூறிற்று. போர் நடந்துகொண்டிருந்த காலம். 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தால் சிறைகள் நிரம்பியிருந்த காலம். ஆறே நாட்களில், ஏப்ரல் 28ஆம் நாள், தலைமை ஆளுநர் அவசரச் சட்டம் ஒன்றால் மூலச்சட்டத்தின் சொற்களையே முன்தேதியிட்டு மாற்றினார். பின்னர் 1945இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் தால்பதே தீர்ப்பின் கருத்தை ஏற்க மறுத்தது. எனினும் ஒரு சொல்லின் இருப்பும் இன்மையும் ஆயிரவர் விடுதலையைத் தீர்மானிக்கும் என்பதை இந்திய நீதிபதிகள் போர்க்காலத்தில் உரைத்தது வரலாறாய் நிலைத்தது.

அதே காலத்தில் இலண்டனிலும் இதே சொற்சிக்கல் எழுந்தது. 1941ஆம் ஆண்டின் லிவர்சிட்ஜ் வழக்கில், அமைச்சருக்கு நியாயமான காரணம் இருக்க வேண்டும் என்ற தொடருக்கு, இருப்பதாக அவர் நினைத்தாலே போதும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் பொருள் கொண்டனர். மாறுபட்ட தீர்ப்பெழுதிய அட்கின் பிரபு, லூயி கரோலின் கதையில் வரும் ஹம்ப்டி டம்ப்டியைச் சாட்சிக்கு அழைத்தார். ஒரு சொல்லுக்குத் தான் விரும்பிய பொருளே பொருள் என்று வாதிடும் பாத்திரம் அது. குழந்தைக் கதையொன்று மனித விடுதலை பற்றிய தீர்ப்பில் ஏறியதைக் கவிஞர்கள் மறக்கலாகாது. சொல்லின் பொருளைக் காப்பதும் மனிதனின் உடலைக் காப்பதும் அங்கே ஒரே செயலாயின.

கோபாலன் கேட்ட கேள்வி

விடுதலைக்குப் பின் தடுப்புக்காவல் மறையும் என்று எதிர்பார்த்தோர் ஏமாந்தனர். சென்னை மாகாணத்தில் 1947இலேயே பொது ஒழுங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பொதுவுடைமை இயக்கத்தினர் பெருந்தொகையாய்ச் சிறைப்பட்டனர். 1950 பிப்ரவரி 11ஆம் நாள் சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் மாண்டனர். குடியரசு பிறந்து அன்றைக்குப் பதினாறே நாட்கள். அதே மாதம் 25ஆம் நாள் நாடாளுமன்றம் தடுப்புக்காவல் சட்டத்தை இயற்றிற்று. 1947 டிசம்பர் முதல் சிறையிலிருந்த ஏ.கே. கோபாலனுக்கு மார்ச் முதல் நாள் புதிய சட்டத்தின்கீழ்ப் புதிய ஆணை வழங்கப்பட்டது. வேலூர்ச் சிறையில் நாட்குறிப்பு எழுதிய இராஜாஜியே 1951இல் நடுவணரசின் உள்துறை அமைச்சராக அச்சட்டத்தின் நீட்டிப்பை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார் என்பதும் வரலாற்றின் விந்தை.

கூட்டாட்சி நீதிமன்றத்தின் வாரிசாக அமைந்த உச்ச நீதிமன்றத்தில், அரசியலமைப்பின் 32ஆம் பிரிவின்கீழ் கோபாலன் ஆட்கொணர்வு மனுச் செய்தார். அவருக்காக எம்.கே. நம்பியாரும், சென்னை அரசுக்காகத் தலைமை வழக்கறிஞர் கே. இராஜா ஐயரும், நடுவணரசுக்காக எம்.சி. செதல்வாடும் வாதிட்டனர். ஆறு நீதிபதிகள் 1950 மே 19ஆம் நாள் தீர்ப்பளித்தனர். சட்டம் ஒன்று இயற்றப்பட்டிருந்தாலே போதும், அச்சட்டம் நியாயமானதா என்று 21ஆம் பிரிவின்படி ஆராய வேண்டியதில்லை என்பது பெரும்பான்மையின் கருத்து. நீதிபதி ஃபசல் அலி மாறுபட்டார். அறிவிப்பு, விசாரணைக்கு வாய்ப்பு, நடுநிலை மன்றம் ஆகியவை இல்லாத நடைமுறை நடைமுறையே ஆகாது என்பது அவர் நிலை. கோபாலன் தோற்றார்.

ஆயினும் அத்தீர்ப்பில் ஒரு வெற்றி மறைந்து கிடக்கிறது. சட்டத்தின் 14ஆம் பிரிவு, காவலுக்கான காரணங்களாகத் தனக்குத் தெரிவிக்கப்பட்டவற்றைக் கைதி நீதிமன்றத்திடம் வெளியிடுவதைக் குற்றமாக்கியிருந்தது. காரணத்தை அவனிடம் சொல்லலாம்; அவன் அதை நீதிபதியிடம் சொல்லலாகாது. இந்த வாய்ப்பூட்டை மட்டும் ஆறு நீதிபதிகளும் ஒருமுகமாக உடைத்தனர். காரணம் கூறும் கடமையும் அதைப் பேசும் உரிமையும் பிரிக்கவொண்ணாதவை என்பது குடியரசின் முதல் ஆண்டிலேயே நிலைநாட்டப்பட்டது. எஞ்சிய கதவு 1978இல் மேனகா காந்தி வழக்கில் திறந்தது. நடைமுறை நேர்மையானதாகவும் நியாயமானதாகவும் இருத்தல் வேண்டும் என்ற ஃபசல் அலியின் குரல், இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் நாட்டின் சட்டமாயிற்று.

கதவு அடைபட்ட ஆண்டுகள்

அதற்கு முன் ஓர் இருட்காலம் குறுக்கிட்டது. 1975 ஜூனில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு, 21, 22ஆம் பிரிவுகளின் உரிமைகளுக்காக நீதிமன்றம் செல்லும் வழி நிறுத்தி வைக்கப்பட்டது. அப்போதும் ஆட்கொணர்வு மனுக்களைக் கேட்கலாம் என்று உயர் நீதிமன்றங்கள் பல துணிந்து கூறின. ஆனால் உச்ச நீதிமன்றம் 1976 ஏப்ரல் 28ஆம் நாள், ஜபல்பூர் வழக்கில், நால்வர் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாகப் பிரிந்து, அக்காலத்தில் எவருக்கும் அவ்வுரிமை இல்லை என்றது. தனித்து நின்ற எச்.ஆர். கன்னா, தலைமை நீதிபதிப் பதவிக்குரிய தம் முறையை 1977இல் இழந்தார், பதவி துறந்தார். அவர் எழுதியது நிலைத்தது. 1978ஆம் ஆண்டின் 44ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தால், உயிரும் விடுதலையும் பற்றிய 21ஆம் பிரிவை நெருக்கடி நிலையிலும் நிறுத்தி வைக்க இயலாதென்றாயிற்று. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த ஆயம் ஜபல்பூர்த் தீர்ப்பை வெளிப்படையாகத் தள்ளிற்று. பெரும்பான்மையில் நின்ற நால்வருள் ஒருவரான ஒய்.வி. சந்திரசூட்டின் மகனே தந்தையின் கருத்தைப் பிழையென எழுதினார்.

தமிழகத்தில் 1976 ஜனவரி இறுதியில் ஆட்சி கலைக்கப்பட்டதும் தி.மு.க.வினர் பலர் சென்னை மத்திய சிறையில் அடைக்கப்பட்டனர். அங்கே காவற்கைதிகள் தாக்கப்பட்டதைப் பின்னர் ஆராய்ந்தது நீதிபதி மு.மு. இஸ்மாயில் ஆணையம், தாக்குதல் நடந்தது உண்மையென அது கண்டது. சென்னைக் கம்பன் கழகத்தின் தூணாக விளங்கிய கம்பராமாயணப் பேரறிஞரே அவர். ஆட்கொணர்வு நின்றுபோன நாட்களில் சிறைச்சுவர்களுக்குப் பின்னால் நேர்ந்ததைத் தமிழிலக்கியத்தில் தோய்ந்த நெஞ்சம் ஒன்று பதிவு செய்தது. கதவைத் தட்டும் உரிமை போனால் உள்ளே இருப்பவனின் எலும்புக்கும் காப்பில்லை என்பதே அப்பதிவின் பாடம்.

அயலகத் தமிழர் பட்டறிவு

கடல் கடந்த தமிழரும் இவ்வழக்குகளை அறிவர். மலேசியாவில் 1960ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், இந்து உரிமை நடவடிக்கைக் குழுவின் முன்னணியினர் ஐவர் 2007 டிசம்பரில் கமுந்திங் முகாமில் அடைக்கப்பட்டனர். அவர்களின் ஆட்கொணர்வு மனு கூட்டரசு நீதிமன்றம் வரை சென்று 2008இல் தள்ளுபடியாயிற்று. ஐவருள் ஒருவரான மனோகரன் காவலில் இருந்தபடியே அவ்வாண்டு சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2009இல் ஐவரும் விடுதலையாயினர். 2012இல் அச்சட்டமே நீங்கிற்று. நீதிமன்றம் திறவாத கதவை மக்கள் கருத்துத் திறந்ததற்கு இது சான்று.

அமெரிக்காவில் மாநிலச் சிறையில் இருப்பவரும் நடுவண் நீதிமன்றத்தை அணுகலாம் என்று 1867ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு ஓராண்டுக் கெடு விதித்துக் கதவை ஒடுக்கியது. எனினும் 2008இல், நாட்டெல்லைக்கு அப்பாலுள்ள குவாண்டனாமோ முகாமில் அடைபட்ட அயல்நாட்டாருக்கும் இவ்வுரிமை உண்டென அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறிற்று. எந்த நாட்டிலும் இக்கதவு ஒருமுறை திறந்தபின் திறந்தே இருந்ததில்லை. ஒரு தலைமுறை திறப்பதும் மறு தலைமுறை சாத்துவதுமாகவே இதன் வரலாறு செல்கிறது.

அறிந்த மொழியில் ஒரு காரணம்

இந்திய நீதிமன்றங்கள் இவ்வரலாற்றுக்கு அளித்த கொடைகளுள் தமிழ் இலக்கிய அன்பர்கள் தனித்துப் போற்றத்தக்கது ஒன்றுண்டு. அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு, காவலுக்கான காரணங்களைக் கைதிக்கு விரைந்து தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவித்தல் என்றால் என்ன? ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளை ஆங்கிலம் அறியாதவன் கையில் திணிப்பது தெரிவித்தல் ஆகுமா?

1962இல் மராட்டியத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் இவ்வினா எழுந்தது. ஆங்கிலம் தெரியாத கைதி இந்தியில் காரணங்களைக் கேட்டார், அரசு மறுத்தது. ஆங்கிலம் ஆட்சிமொழியாக இருப்பதால் மட்டும் அது அவருக்குத் தெரிவித்ததாகாது என்று உச்ச நீதிமன்றம் கூறி அவரை விடுவித்தது. 1968இல் ஒரியா அறிந்த ஒருவரின் வழக்கிலும் இதே முடிவு. 1980இல் குஜராத்தி மட்டும் அறிந்த ஒருவருக்குக் காவல் அதிகாரி வாய்மொழியாக விளக்கியது போதாது, எழுத்தில் மொழிபெயர்ப்பு வேண்டும் என்றாயிற்று. வாய்ச்சொல் காற்றில் கரையும்; முறையீடு எழுத உட்காருபவனுக்கு எதிரே எழுத்து இருக்க வேண்டும் என்பதே கருத்து.

1999இல் தமிழகத்திலிருந்தே ஒரு வழக்குச் சென்றது. கள்ளச்சாராயக் குற்றம் சாட்டப்பட்டுக் குண்டர் சட்டத்தின்கீழ் அடைபட்ட பெண் ஒருவர். தமிழ் மட்டுமே அறிந்தவர். அவர் பிணையில் வெளிவரக்கூடும் என்ற முடிவுக்கு அதிகாரி வர அடிப்படையாயிருந்த காவல் நீட்டிப்பு ஆணை ஆங்கிலத்தில் இருந்தது. அதன் தமிழ்ப் படியை அவர் கேட்டும் தரவில்லை. அந்த ஒரு குறையால் காவலே செல்லாதென உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்புச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அவருடைய மொழியில் அவரிடம் பேசாத அரசுக்கு அவரை அடைத்து வைக்கும் தகுதி இல்லை என்பதே அதன் உட்பொருள். தமிழ் வாழ்க என்று மேடைகளில் முழங்கிய எத்தனையோ சொற்களினும், தமிழ்ப் படி ஒன்றைத் தராததால் ஒரு சிறைக்கதவு திறந்த நிகழ்ச்சி மொழியுரிமைக்கு உறுதியான சான்று.

தடுப்புக்காவலுக்கு உரிய இந்நெறி, சாதாரணக் கைதுக்கும் இப்போது பரவியுள்ளது. கைதுக்கான காரணங்களை எழுத்தில் தரவேண்டும் என்று 2023, 2024ஆம் ஆண்டுகளின் தீர்ப்புகள் வலியுறுத்தின. 2025 நவம்பரில், அவை கைதானவர் அறிந்த மொழியில் இருத்தல் வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் கூறிற்று.

அண்ணாமலையிலிருந்து சென்னைக்கு

1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டமானபின், வேலூரில் இருந்த அதிகாரம் இந்நகருக்கே வந்தது. பொதுவாகக் குண்டர் சட்டம் எனப்படும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டத்தின்கீழ்க் காவல் ஆணை பிறப்பிக்கும் மாவட்ட ஆட்சியர் இங்கேயே இருக்கிறார். ஐந்து நாட்களுக்குள் காரணங்களைத் தரவேண்டும். பன்னிரண்டு நாட்களுக்குள் மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். மூன்று வாரங்களுக்குள் அறிவுரைக் கழகத்தின் முன் வைக்க வேண்டும். ஏழு வாரங்களுக்குள் அது கருத்துரைக்க வேண்டும். இவை யாவும் ஒழுங்காக நடந்தால் காவல் பன்னிரண்டு மாதம் வரை நீளலாம். அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞரை உரிமையாகக் கோர இயலாது. நண்பர் ஒருவரின் துணையைக் கொள்ளலாம்.

ஆட்சியருக்கும் அரசுக்கும் முறையீடு அனுப்புவது ஒரு வழி. அதற்கு விடையளிப்பதில் காரணமற்ற தாமதம் நேர்ந்தால் அதுவே காவலை வீழ்த்தும். மற்றொரு வழி, மனைவியோ தாயோ உடன்பிறந்தாரோ அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின்கீழ்ச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுச் செய்வது. இரு நீதிபதிகள் அமர்ந்து அதைக் கேட்பர். படிக்க இயலாத நகல்கள், மொழிபெயர்க்கப்படாத ஆவணங்கள், தொடர்பற்ற வேறொரு வழக்கின் பிணை ஆணையைக் காட்டி அதிகாரி எய்திய முடிவு போன்ற குறைகளால் ஆணைகள் நீக்கப்பட்டதுண்டு. உச்ச நீதிமன்றத்தை 32ஆம் பிரிவின்கீழ் நேரே அணுகும் வழியும் உண்டு. சிறையிலிருந்து வந்த ஓர் அஞ்சலட்டையே மனுவாகப் போதும் என்று 1980இல் அது கூறியுள்ளது. கைதியின் உடலை நேரில் கொணராமலேயே வழக்கைக் கேட்கலாம் என்று 1970களிலேயே முடிவாயிற்று. ஆகவே இன்று ஆட்கொணர்வில் ஆளைக் கொணர்தலினும் காரணத்தைக் கொணர்தலே முதன்மை பெறுகிறது.

2023 நவம்பரில் இம்மாவட்டத்தின் செய்யாறு பகுதியில், மேல்மா சிப்காட் நில எடுப்பை எதிர்த்துப் போராடிய உழவர்களுள் எழுவர் மீது குண்டர் சட்டம் ஏவப்பட்டது. நாடெங்கும் எதிர்ப்பெழுந்தது; சில நாட்களில் அறுவர் மீதான ஆணைகளை அரசே விலக்கிக் கொண்டது; ஏழாமவர் மீதான ஆணை அன்று நீங்கவில்லை. சாராயக் கடத்தலுக்கும் அடிதடிக்கும் என்று வந்த சட்டம், தன் நிலத்தைப் பற்றிப் பேசியவன் மீதும் பாயும் என்பதை அந்நிகழ்ச்சி இம்மாவட்டத்தின் சிற்றூர்கள் வரை உணர்த்திற்று. குண்டர் என்ற ஒரு சொல்லுக்குள் யாரை அடைக்கலாம் என்பது 1943இல் நியாயமான ஐயம் என்ற தொடர்மீது நடந்த அதே போராட்டத்தின் தொடர்ச்சியாகும்.

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டம் ஒன்று இவ்வரலாற்றை நினைவுகூர்வதில் பொருத்தம் உண்டு. கார்த்திகையின் அழுகை மன்னன் செவியை எட்டத் தெய்வம் வேண்டியிருந்தது. இன்றைய கார்த்திகைக்கு வேண்டியது ஒரு தாள், அதில் சில தெளிவான வரிகள், அவற்றைப் படித்துச் சொல்லவும் பிழை காணவும் வல்ல ஒருவர். எழுதப் படிக்க அறிந்தோர் ஊர்தோறும் உள்ளனர். சொல்லுக்குப் பொருள் உரைக்கப் பயின்றோர் இத்தகைய வட்டங்களில் உள்ளனர். சிறையிலிருந்து வரும் கடிதத்தை நீதிமன்றம் மதிக்கும் மொழியில் மாற்றித் தருவதும், நீதிமன்றத்தின் மொழியைச் சிறையிலிருப்பவன் அறிந்த தமிழில் சொல்வதும் இலக்கியப் பணிக்கு அயலானவை அல்ல. புலவன் காக்கும் சொல்லில்தான் மனிதன் ஒருவனின் விடுதலையும் குடியிருக்கிறது.